மின்பொறியாளர் எம்பெடட் ஆராய்ச்சிக்கும் பழுதறிதலுக்கும் போகலாமா?

மின்பொறியியல் பட்டம் முடித்துவிட்டு எம்பெடட் (சாதனங்களுக்குள்ளேயே பொதிந்து அவற்றை இயக்கும் சிறு கணினிகள்) ஆராய்ச்சிக்கு, அதிலும் சாதனங்களின் பழுதைக் கண்டறியும் பிரிவுக்குப் போகலாமா. கணினி அறிவியல் படித்தவர்கள் நிறைந்த இடத்தில் தாக்குப்பிடிக்க முடியுமா. முனைவர் பட்டம் கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழித்த எனக்குத் தயக்கமே இல்லை: தாராளமாக வாருங்கள். இந்தப் பிரிவில் மின்பொறியாளருக்கு இருக்கும் பிடிமானம் மற்றவர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல், பலர் தங்கள் பலத்தைக் கைவிட்டுவிட்டு அடுத்தவர் பலத்தைத் துரத்துகிறார்கள். அதனால் வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பட்டத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஒரு கட்டுப்பாட்டுச் சாதனம் அவ்வப்போது தானாக மறுதொடக்கம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் எழுதியவர் வரிவரியாகப் படித்துப் பார்க்கிறார், தவறு தென்படவில்லை. சர்க்யூட் வடிவமைத்தவர் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளக்கிறார், 3.3 வோல்ட் சரியாக இருக்கிறது. இருவரும் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டு ரிலேக்கள் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) ஒரே சமயத்தில் மின்சாரத்தை இழுக்கும் அரிதான கணத்தில், மின்னழுத்தம் சில நூறு மைக்ரோவினாடிகள் மட்டும் சரிந்து மீள்கிறது. மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும் கருவி. அந்தச் சரிவு அதில் தெரியாது. சிப்புக்குள் இருக்கும் மின்னழுத்தக் காவல் சுற்று அதைக் கவனித்து, தன் கடமைப்படி மறுதொடக்கம் செய்கிறது. மின்னழுத்தத்தின் மாற்றத்தை நொடிக்கு நொடி வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை, 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் மட்டும் பதிவுசெய்யும்படி அமைத்துவிட்டுக் காத்திருந்தால் ஆதாரம் கிடைத்துவிடும்.

மூன்று ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய சாதனம் இப்போது ஏன் தடுமாறுகிறது என்பது அடுத்த கேள்வி. மின்வழங்கியில் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் உள்ள திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. இப்படி முதுமையடையும் கெபாசிட்டரின் கொள்ளளவு ஓரளவு நன்றாகவே இருக்கலாம். உள்மின்தடை மட்டும் பல மடங்கு ஏறியிருக்கும். திடீர்ச் சுமை வரும்போது கைகொடுக்க வேண்டியது அந்தக் குறைந்த உள்மின்தடைதான். இந்தச் சங்கிலியை வேதியியலில் தொடங்கி மின்னழுத்தம், காவல் சுற்று, நிரல் என்று கடைசிவரை பின்தொடர்ந்து போகத் தெரிந்தவர் யார்? சர்க்யூட் படித்து, நிரலும் எழுதத் தெரிந்தவர். உங்கள் இடம் அதுதான்.

இதே பழுதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்திருக்கவும் முடியும். ஏறக்குறைய எல்லா மைக்ரோகண்ட்ரோலர்களிலும் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினிகள்) கடைசி மறுதொடக்கத்துக்கு என்ன காரணம் என்பதைச் சொல்லும் ஒரு ரெஜிஸ்டர், அதாவது சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம், இருக்கிறது. மின்சாரம் புதிதாக வந்ததா, மின்னழுத்தம் சரிந்ததா, நிரல் உறைந்துபோனால் மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் டைமர் கடித்ததா, நிரலே கேட்டுக்கொண்டதா என்று அது பிரித்துச் சொல்லும். எத்தனையோ ஃபர்ம்வேர்கள் (சாதனத்துக்குள் பதித்த நிரல்கள்) தொடங்கிய உடனேயே அதைப் படிக்காமல் அழித்துவிடுகின்றன. அதை நிரந்தர நினைவகத்தில் சேர்த்துவைக்கச் சில வரி நிரல் போதும். பழுதறிதல் என்ற துறையின் மையமே இதில் இருப்பதாக நான் நம்புகிறேன்: பழுது வந்த பிறகு தேடுவது பாதி வேலை, பழுது வரும்போது தடயம் விட்டுச்செல்லும்படி சாதனத்தை முன்கூட்டியே வடிவமைப்பது மீதிப் பாதி. ஆராய்ச்சிக்கு அதிக இடம் இருப்பது இந்த இரண்டாம் பாதியில்.

விண்வெளித் துறை இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது, ஏனென்றால் அங்கே யாரும் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி மறுபடி மறுபடி மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவைக் கையாளும், முன்னுரிமை குறைந்த பணி ஒரு பொதுவளத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. முன்னுரிமை கூடிய பணி அதற்காகக் காத்திருக்கிறது. நடுத்தர முன்னுரிமை உள்ள இன்னொரு பணி குறுக்கே புகுந்து முதலாவதை ஓடவிடாமல் தடுக்கிறது. முக்கியமான பணி முடியவில்லை என்று கண்ட வாட்ச்டாக் எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்கிறது. முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்ற இந்தச் சிக்கலும், முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கும் அதன் தீர்வும் அதற்கு முன்பே ஆய்விதழ்களில் இருந்தன. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகியோரின் கட்டுரை 1990-இல் வெளியானது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கணினியில், நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பதிவுசெய்யும் வசதியை இயக்கி அதே பழுதை மீண்டும் உண்டாக்கினார்கள். அந்த ஆய்வு வசதிகளைப் விண்கலத்தில் ஓடிய நிரலிலும் நீக்காமல் விட்டிருந்ததால்தான், குறிப்பிட்ட பூட்டுக்கு முன்னுரிமைக் கடன் வசதியைச் செவ்வாயிலேயே இயக்கிவிட முடிந்தது. வெளியீட்டுக்கு முன் சோதனை வசதிகளையெல்லாம் நீக்கிவிடச் சொல்பவர்களிடம் நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது. பாதுகாப்புக்காகப் பூட்டிவையுங்கள், பிடுங்கி எறியாதீர்கள்.

1977-இல் ஏவப்பட்ட நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் இதைவிடக் கடினமான வழக்கு. 2023 நவம்பரில் அது அர்த்தமற்ற தரவை அனுப்பத் தொடங்கியது. ஒரு கட்டளை போய்ச்சேர 22.5 மணிநேரம், பதில் வர இன்னொரு 22.5 மணிநேரம். 2024 மார்ச் மாதம் பொறியாளர்கள் நிரலின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தாவும்படி ஒரு கட்டளையை அனுப்பிச் சீண்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்த சிக்னலில் வழக்கமான வடிவம் இல்லை. அது அந்தக் கணினியின் முழு நினைவகத்தின் நகல் என்று ஒருவர் கண்டுகொண்டார். பழைய நகலோடு ஒப்பிட்டபோது நினைவகத்தில் சுமார் 3 சதவீதம் கெட்டிருப்பது தெரிந்தது. காரணம் ஒரே ஒரு சிப். அங்கிருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களில் பொருத்தினார்கள். ஏப்ரல் 20 அன்று, படிக்கக்கூடிய தரவு மீண்டும் வந்தது. நம் மேசையில் இருக்கும் பலகையில் செய்வதும் இதே முறைதான்: சீண்டு, கேள், சரியாக இருந்த காலத்தின் பதிவோடு ஒப்பிடு. பழைய பதிவு இல்லாதவருக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. அதனால்தான் புதிய சாதனம் கைக்கு வந்ததும் அது நலமாக இருக்கும்போதே அதன் மின்னோட்டம், வெப்பநிலை, சிக்னல் வடிவங்கள் எல்லாவற்றையும் பதிவுசெய்து வையுங்கள் என்று புதியவர்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பூமிக்கு வந்தால், இந்தத் துறையின் பெரிய பள்ளிக்கூடம் வாகனங்கள்தான். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல் கார்களில் ஓபிடி-2 என்ற பழுதறிதல் முறை கட்டாயமானது. புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த சட்டம் ஒரு முழுத் தொழில்துறையையே உருவாக்கியது. அதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, எஞ்சின் சிலிண்டர் ஒன்றில் எரிபொருள் சரியாக எரியாமல் போவதைக் கண்டுபிடிக்கும் முறை. அதற்கென்று தனிச் சென்சார் இல்லை. ஒவ்வொரு எரிப்பும் எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் தண்டைச் சற்று முடுக்குகிறது. எரியாத சுற்றில் அந்த முடுக்கம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார், தண்டோடு சுழலும் பற்சக்கரத்தில் காணும் பல் இடைவெளி நேரங்களை நுணுக்கமாக அளந்தால், எந்தச் சிலிண்டர் என்பதுகூடத் தெரிந்துவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது எரிப்புகளுக்கு இடையே 5 மில்லிவினாடிதான் இருக்கிறது; முடிவை அதற்குள் எடுக்க வேண்டும். கரடுமுரடான சாலையும் சக்கரங்கள் வழியாகத் தண்டின் வேகத்தைக் குலுக்கும் என்பதால், சாலையின் தன்மையை வேறு சிக்னல்களிலிருந்து ஊகித்து, அந்த நேரங்களில் தீர்ப்பை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. இயற்பியல், சிக்னல், நிகழ்நேர நிரல் மூன்றும் இவ்வளவு நெருக்கமாகக் கைகோத்து நிற்கும் இடங்கள் அபூர்வம்.

பழுதுக் குறியீட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பி0171 என்று ஒரு குறியீடு வந்தால், எரிபொருள் கலவையில் காற்று அதிகம் என்று கணினி கருதுகிறது, அவ்வளவுதான். எங்கோ காற்று கசியலாம், காற்றளவு சென்சார் அழுக்காகியிருக்கலாம், எரிபொருள் அழுத்தம் குறைந்திருக்கலாம். குறியீடு அறிகுறியைச் சொல்கிறது. எந்தப் பாகம் குற்றவாளி என்பதை மனிதர் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் குறியீடு பதிவான கணத்தின் எஞ்சின் வேகம், சுமை, வெப்பநிலை ஆகியவையும் கூடவே உறைநிலைப் பதிவாகச் சேமிக்கப்படுகின்றன. அனுபவசாலிகள் குறியீட்டுக்கு இணையாக அதையும் பார்ப்பார்கள்.

வாகனங்களுக்குள் கணினிகள் பேசிக்கொள்ளும் கேன் வலைப்பின்னலை போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. அதன் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு முனை விடுபட்டிருந்தாலும் மேசை மேல் உள்ள சிறு கம்பியில் எல்லாம் ஓடிவிடும். நீண்ட கம்பியில், வேகம் கூடும்போது, எதிரொலி சிக்னலைச் சிதைக்கும். மென்பொருள் பக்கத்திலிருந்து இதைத் தேடினால் நாள்கள் வீணாகும்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். இன்று எல்லோரும் நேராக இயந்திரக் கற்றலுக்குத் தாவுகிறார்கள். அதில் எனக்கு விரோதம் இல்லை, ஆனால் அளக்கக் கற்ற பிறகு அங்கே போங்கள் என்பேன். மோட்டாரின் மின்னோட்டத்தை மட்டும் வைத்து அதன் பழுதைச் சொல்லும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டக்ஷன் மோட்டாரின் சுழலியில் ஒரு கம்பி உடைந்தால், மின்னோட்டத்தின் அலைக்கற்றையில் மின்வழங்கல் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் சிறு முகடுகள் தோன்றும். நழுவல் விகிதத்தை (சுழலும் காந்தப்புலத்தைவிடச் சுழலி எவ்வளவு பின்தங்குகிறது என்ற விகிதம்) இரண்டால் பெருக்கி, அதை மின்வழங்கல் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் வரும் தூரத்தில் அவை நிற்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1500-க்குப் பதில் 1470 சுற்றில் ஓடும் மோட்டாரின் நழுவல் 2 சதவீதம். முகடுகள் 48, 52 ஹெர்ட்ஸில் வரும். சுமை குறைந்து நழுவல் 0.2 சதவீதமானால் அவை 49.8, 50.2 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்து பெரிய முகட்டின் நிழலில் ஒதுங்கிவிடும். இவற்றைப் பிரித்துப் பார்க்க வினாடிக்கு எத்தனை மாதிரி எடுத்தாலும் பயன் இல்லை. எவ்வளவு நேரம் தொடர்ந்து அளக்கிறோம் என்பதே முக்கியம். 0.2 ஹெர்ட்ஸ் வேறுபாட்டுக்குக் குறைந்தது 5 வினாடி வேண்டும், நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு. அத்தனை நேரமும் சுமையும் வேகமும் மாறாமல் இருக்க வேண்டும். இருக்குமா?

அதோடு, அந்த முகடுகள் முக்கிய மின்னோட்டத்தில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். சிப்புக்குள் இருக்கும், சிக்னலை எண்ணாக மாற்றும் 12 பிட் மாற்றி 4096 படிகள் தருகிறது. ஆனால் தொடக்க மின்னோட்டம் இயல்பானதைவிடப் பல மடங்கு என்பதால், அதையும் தாங்கும்படி அளவெல்லையை வைத்தால் இயல்பான ஓட்டத்துக்குக் கிடைப்பது அந்தப் படிகளில் சிறு பகுதிதான். அதிலும் நூற்றில் ஒரு பங்கு என்றால் எஞ்சுவது சில படிகளே. சிக்னல் பெருக்கி, வடிகட்டி, அளவு நேரம் ஆகியவற்றை இங்கே தீர்மானிப்பவர்தான் முறையின் வெற்றியைத் தீர்மானிக்கிறார். பிறகு வரும் எந்த நரம்பு வலையும் தொலைந்த தகவலை மீட்டுத் தராது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிஸ்டன் கம்ப்ரஸரைப் போலச் சுமையே தாளகதியில் ஏறி இறங்கினால், உடையாத மோட்டாரிலும் இப்படிப்பட்ட முகடுகள் வரும். இந்த இரண்டையும் வேறுபடுத்துவது இன்றும் மெனக்கெட வேண்டிய ஆய்வுப் பொருள்.

தரவைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பேரிங் பழுதாராய்ச்சியில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட தரவுத்தொகுப்பு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நல்ல பேரிங்குகளில் மின் தீப்பொறியால் சிறு குழிகள் ஏற்படுத்தி அதிர்வைப் பதிவுசெய்த தரவு அது. அருமையான கொடைதான். ஆனால் ஒரே பதிவைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கலைத்து, சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் எடுத்துக்கொண்டால், 99 சதவீதத் துல்லியம் வருவதில் வியப்பு இல்லை. அந்தப் பேரிங்கைக் கற்றல் நிரல் ஏற்கெனவே பார்த்துவிட்டது. பயிற்சியில் பார்க்காத வேறொரு பேரிங்கைக் கொடுத்தால் துல்லியம் இறங்கும். உண்மையான பழுது மெல்ல வளர்வது, செதுக்கிய குழியைப் போலக் கூர்மையான விளிம்போடு பிறப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது முதலில் தரவை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள். முடிவு அட்டவணையை அப்புறம் பார்க்கலாம்.

அந்த 99 சதவீதமே உண்மை என்று எடுத்துக்கொண்டாலும் களத்தில் போதுமா? 10,000 சாதனங்கள் ஓடுகின்றன, நாளொன்றுக்கு ஒன்று பழுதாகிறது, உங்கள் முறை நல்ல சாதனங்களில் நூற்றில் ஒன்றைப் பழுது என்கிறது என்று கொள்ளுங்கள். தினமும் சுமார் 100 பொய் எச்சரிக்கைகள், ஓர் உண்மையான எச்சரிக்கை. ஒரு வாரத்தில் பராமரிப்பாளர் உங்கள் திரையைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். கண்டுபிடிக்கும் திறனை உயர்த்துவதைவிடப் பொய் எச்சரிக்கையைக் குறைப்பது கடினமான வேலை, மதிப்புள்ள வேலை. அதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு ஆராய்பவர்கள் போதாது என்பது என் கணிப்பு.

வேலைவாய்ப்பைப் பற்றியும் கேட்டீர்கள். பாதுகாப்புத் தரங்களே இங்கே பெரிய கதவு. வாகன மின்னணுவுக்கான ஐஎஸ்ஓ 26262 தரம் 2011-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில், தனியொரு வன்பொருள் பழுதே ஆபத்தாக முடியக்கூடிய இடங்களில் பழுது விகித அளவில் குறைந்தது 99 சதவீதம் கையாளப்பட வேண்டும் என்பதும், மறைந்திருந்து பின்னால் ஆபத்தாகும் பழுதுகளில் 90 சதவீதம் என்பதும் அதன் இலக்குகள். அந்த எண்களை எட்ட ஒவ்வொரு பாகமும் எப்படியெல்லாம் கெடும், கெட்டால் யார் கண்டுபிடிப்பார், எத்தனை மில்லிவினாடிக்குள் என்று அட்டவணை போட வேண்டும். சலிப்பான வேலை என்று பலர் ஒதுங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒரு சாதனத்தை இவ்வளவு முழுமையாகப் புரிந்துகொள்ள வேறு வழி எனக்குத் தெரியாது. மருத்துவக் கருவிகள், ரயில், விமானம், மின்கட்டமைப்பு எல்லாவற்றிலும் இதற்கு இணையான தரங்கள் உண்டு. ஒன்றில் தேறியவர் மற்றொன்றுக்கு மாறுவது எளிது.

கற்பதை எங்கே தொடங்குவது? சி மொழி, ஒரு நிகழ்நேர இயங்குதளம், ஆசிலோஸ்கோப்பைக் கையாளும் பழக்கம் ஆகியவை அடிப்படை; இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல், வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகை மைக்ரோகண்ட்ரோலர் உள்ள பலகை ஒன்றில் தவறான முகவரியைத் தொடும்படி நிரல் எழுதுங்கள். பழுது நேரும் கணத்தில் அந்தச் சிப் எட்டு ரெஜிஸ்டர்களைத் தானாகவே ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியில் எழுதிவைக்கிறது. நிரல் எந்த முகவரியில் இருந்தது என்பது அவற்றுள் ஒன்று. அதை எடுத்து எந்த வரி என்று கண்டுபிடியுங்கள். மின்னழுத்தத்தை மெல்லக் குறைத்து எந்தப் புள்ளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சென்சார் கம்பியைத் துண்டியுங்கள், பிறகு தரைக்கம்பியோடு இணையுங்கள். உங்கள் நிரல் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்கிறதா? நேரக் கணக்கி நிரம்பி வழியும் கணத்தையும் சோதியுங்கள். போயிங் 787-இன் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரம் பெற்றால் ஒரு மென்பொருள் கணக்கி நிரம்பி, மின்னாக்கிகள் செயலிழக்கக்கூடும் என்று 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. நூற்றிலொரு வினாடியை 32 பிட் குறியுள்ள எண்ணில் (எதிர்ம எண்களையும் தாங்கும் வகை) எண்ணினால் நிரம்புவது கிட்டத்தட்ட அதே 248 நாள்தான். மேசையில் 248 நாள் காத்திருக்கத் தேவையில்லை. கணக்கியை நிரம்பும் நிலைக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கச் செய்தால் போதும்.

முனைவர் பட்டம் கட்டாயம் இல்லை. நிறுவன ஆய்வுப் பிரிவுகளில் முன்மாதிரிகள் செய்வது, சோதனை மேடைகள் கட்டுவது, களத்திலிருந்து திரும்பிவந்த சாதனங்களை ஆராய்வது எல்லாம் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகள் செய்யும் வேலைகள்தான். அதிலும் திரும்பிவந்த சாதனங்களை ஆராயும் பிரிவைப் புதியவர்கள் தாழ்வாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் தொடக்க ஆண்டுகளுக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆய்வுத் திட்டங்களைத் தலைமையேற்று நடத்த விரும்பினால், அல்லது பல்கலைக்கழகத்தில் இருக்க விரும்பினால், பட்டம் தேவைப்படும். அப்படியானால் இரண்டு மூன்று ஆண்டுகள் களத்தில் இருந்துவிட்டுப் போங்கள். எந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். தலைப்பைத் தேடி ஓராண்டை வீணாக்க மாட்டீர்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டுரைகளின் எண்ணிக்கையோடு ஆய்வகத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். பழுதான மோட்டார்கள், வெட்டித் திறந்த பேரிங்குகள், கருகிய பலகைகள், அவற்றுக்கெல்லாம் தேதியிட்ட பதிவுகள் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். அங்கே இருக்கும் மாணவர்களிடம், உங்கள் முறை எந்தச் சூழலில் தவறாகச் சொல்லும் என்று கேளுங்கள். தயங்காமல் அளவுகளோடு பதில் சொன்னால் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.